கூத்துப்பாட்டு பதிய ஒரு பின்னறை: இன்டர்பேஸும் ஃபேடரும் தெரிவான விதம்

கிளிநொச்சியில் ஒரு கல்வீட்டின் பின்னறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. கூத்துப்பாட்டு பதிவதற்காக அதில் செய்த ஏற்பாடு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அண்ணாவியாரின் (கூத்து ஆசானின்) குரல் ஒரு ட்ராக்கில், மத்தளத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ட்ராக்கில், பிற்பாட்டு நாலாவதில் விழுகிறது. குரலை நிறுத்திவிட்டு மத்தளத்தின் சொற்கட்டை மட்டும் கேட்கலாம். பழக வருகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. இந்த ஒரு தேவைதான் எந்த இன்டர்பேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), எந்த ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் குமிழ்) என்பதைத் தீர்மானித்தது. வேலை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறோம்.

எத்தனை மைக்?

கடைக்குப் போக முன்னம் ஒரு தாளில் எழுத வேண்டியது விலை அல்ல, ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்கும் என்பது. ஒருவர் பாடி ஒருவர் ஹார்மோனியம் வாசித்தால் இரண்டு போதும். கூத்துக்குப் போதாது. இரண்டு இன்புட் பெட்டியை வைத்துக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குப் பாவிக்கிற மிக்சரில் நாலு மைக்கையும் கலந்து ஸ்ரீரியோவாக உள்ளே விடும் வழி ஒன்று உண்டு. பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பதியும்போது நன்றாகத்தான் கேட்கும். அடுத்த நாள் மத்தளம் குரலை மூடியிருப்பது தெரிந்தால் பிரிக்க வழியில்லை. மூத்த அண்ணாவிமாரைத் திரும்பத் திரும்ப இருத்திப் பாடச் சொல்லவும் முடியாது. ஆகவே நாலு தனித்தனி ட்ராக்.

இங்கேதான் பெயர்கள் ஏமாற்றும். ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4 இரண்டிலும் நாலு என்ற எண் இருக்கிறது. ஆனால் மைக் ப்ரீஅம்ப் (மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்கும் பகுதி) இரண்டுதான், மற்ற இரண்டும் லைன் இன்புட். கீபோட்டைச் செருகலாம், மைக்கைச் செருக முடியாது. ஸ்கார்லெட் 18ஐ8 மூன்றாம் தலைமுறையில் பதினெட்டு இன்புட் என்று எழுதியிருந்தாலும் மைக்குக்கு உரியவை நாலு. மிச்சம் லைன், டிஜிட்டல், ஏடாட் (ஒளியிழையால் பல சனலை ஒன்றாக அனுப்பும் முறை) வழி வருபவை. பெரிங்கர் யூஎம்சி404எச்டியில் நாலும் மைக் ப்ரீஅம்ப். விலைப்பட்டியல் பார்க்கும்போது இன்புட் என்ற சொல்லை விட்டுவிட்டு ப்ரீஅம்ப் என்ற சொல்லைத் தேடுங்கள்.

ஏடாட் துளை இருந்தால் பின்னாளில் எட்டு மைக் ப்ரீஅம்ப் பெட்டி ஒன்றை ஒரே ஒளியிழை வயரால் சேர்க்கலாம். 48 கிலோஹேர்ட்ஸில் எட்டுச் சனலும் வரும், 96க்குப் போனால் நாலாகக் குறையும். யூஎம்சி404எச்டியில் அந்தத் துளை இல்லை. முழுக் கூத்துக்குழுவையும் ஒரே இருப்பில் பதியும் எண்ணம் உள்ளவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

கெயின் கணக்கு

விளம்பரங்களில் 192 கிலோஹேர்ட்ஸ் என்று பெரிதாகப் போடுவார்கள். இந்த வேலைக்கு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தாராளம். பார்க்க வேண்டியது மைக் கெயின், அதாவது மைக்கின் சைகையைப் பெட்டி எவ்வளவு பெருக்கும் என்பது.

எஸ்எம்58 மைக் 94 டெசிபெல் ஒலியழுத்தத்தில் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. கூத்துக்குரல் கிட்ட நின்று பாடினால் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையின் மைக் இன்புட் கெயினை முழுக்கக் குறைத்த நிலையில் +9 டெசிபெல்-யு வரை தாங்கும். அந்தக் கணக்கில் சராசரி மட்டத்தை -18இல் (பதிவின் உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழே) வைக்க ஏறக்குறைய 43 டெசிபெல் கெயின் போதும். அந்தப் பெட்டியின் கெயின் வீச்சு 56 டெசிபெல், ஆகவே பயமில்லை. ஆனால் அதே மைக்குக்கு முன்னால் ஒரு அம்மம்மா ஒரு முழம் தள்ளியிருந்து மெதுவாகக் கதை சொன்னால் மைக்கில் விழுவது மிஞ்சினால் 70 டெசிபெல்தான். இப்போது தேவை 67. பெட்டியால் முடியாது, பிறகு மென்பொருளில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். நாலாம் தலைமுறை 2ஐ2 இல் வீச்சு 69 ஆனதால் கொஞ்சம் கூடத் தாங்கும். இன்னொரு வழி மைக்கை மாற்றுவது. ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக் எஸ்எம்58ஐ விட 17.5 டெசிபெல் கூடத் தருகிறது, தேவை 50க்குக் கிட்ட இறங்கிவிடும்.

எனவே கூத்துப்பாட்டு, பறை, மத்தளம் என்றால் எந்த இன்டர்பேஸும் கெயினில் தவறாது. தாலாட்டு, ஒப்பாரி, வாய்மொழிக் கதை என்றால் கண்டென்சர் மைக்குக்கு முதலில் காசு ஒதுக்குங்கள்.

எடுத்தது யூஎம்சி404எச்டி. காரணம் நாலு ப்ரீஅம்பும் விலையும். அதன் 48 வோல்ட் பாண்டம் சுவிட்ச் (கண்டென்சர் மைக்குக்கு வயர் வழியே கரண்ட் கொடுப்பது) நாலு மைக்குக்கும் பொது. நல்ல வயரில் உள்ள எஸ்எம்58க்கு அதனால் ஒரு கெடுதியும் வராது. ஆபத்து பழைய வயரில் இருக்கிறது. ஒலிபெருக்கிக் கடைகளில் 3ஆம் பின்னை 1ஆம் பின்னோடு குறுக்கிச் சோல்டர் பண்ணிய எக்ஸ்எல்ஆர் வயர்கள் நிறைய உலாவுகின்றன. பாண்டம் போட்டால் 6.8 கிலோஓம் தடை வழியாக 7 மில்லிஅம்பியர் அளவு ஒரு பக்கத்தால் ஓடி, மைக் சுருளில் நேரோட்டம் ஏறிவிடும். மல்ரிமீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து 1க்கும் 3க்கும் இடையில் பாருங்கள். மைக் இல்லாத வெறும் வயரில் சத்தம் வந்தால் அந்த வயர் வேண்டாம்.

வயர்களைக் கையாலேயே கட்டினோம். ஐந்து மீற்றர் நீளத்தில் நாலு. உறை 1இல், சிவப்பு 2இல், மற்றது 3இல். 60/40 ஈயம், 40 வாட் சோல்டரிங் அயர்ன் போதும். உறையின் நுண்கம்பிகளில் ஒன்று தப்பி 2இல் பட்டாலும் மேலே சொன்ன குறுக்கு வயர் மாதிரித்தான். முறுக்கி முதலில் ஈயம் பூசிவிட்டுத்தான் பின்னில் வைக்க வேண்டும்.

கரண்டும் ஏர்த்தும்

வன்னியில் ஒலிப்பதிவு அறையைக் கெடுப்பது மைக்கோ மென்பொருளோ அல்ல, கரண்ட். அதிக நேரம் இதில்தான் போனது. போனதும் சரி.

முதலாவது, மின்வெட்டு. 2022 பங்குனி முடிவில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் காற்றுக்கும் இடிக்கும் லைன் போகும். 2ஐ2 போன்ற சின்னப் பெட்டிகள் யூஎஸ்பியிலேயே ஓடுவதால் மடிக்கணினியின் பற்றரி இருக்கும்வரை பதிவு நிற்காது. நாலு ப்ரீஅம்ப் பெட்டிகள் பலவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். கரண்ட் போன அந்தக் கணமே இன்டர்பேஸ் மறைந்து, மென்பொருள் உறைந்து, அதுவரை பதிந்த கோப்பும் சில வேளை கெட்டுப்போகும். ஆகவே நாலு ப்ரீஅம்ப் எடுத்தால் இன்வேட்டரையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

இன்வேட்டர் தூய சைன் அலை தருவதாக இருக்க வேண்டும். மலிவான சதுர அலை வகை மின்விசிறியை உறுமவைக்கும், ஸ்பீக்கரில் தேனீக்கூடு கேட்கும். 12 வோல்ட் 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியை மட்டும் எடுத்தால் 600 வாட்-மணி, இன்வேட்டரின் இழப்புப் போகக் கையில் வருவது 510 அளவு. மடிக்கணினி, இன்டர்பேஸ், ஃபேடர், இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 120 வாட் என்றால் நாலு மணித்தியாலம். ஒரு இருப்புக்குப் போதும். பற்றரியை அடிமட்டம் வரை இறக்கினால் அடுத்த வருடமே புதிதாக வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது, ஹம். ஸ்பீக்கரில் 50 ஹேர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும். தேடிய ஒழுங்கு இது. சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியைப் பற்றரியில் ஓடவிட்டால் உறுமல் நிற்கிறதா? நின்றால் ஏர்த் வளையம் சார்ஜர் வழியாகப் போகிறது. நிற்காவிட்டால் மைக் வயர்களைக் கழற்றுங்கள். அப்போதும் இருந்தால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம். அங்கே சாதாரண மோனோ ஜாக் வயரை எடுத்துவிட்டு ஜாக்கில் மூன்று தொடுமுனை உள்ள பலன்ஸ்ட் வயர் போட்டதும் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் எல்லாப் பிளக்கையும் ஒரே பலகையில் செருகியதும் போனது. மின்விசிறியின் இலத்திரனியல் ரெகுலேற்றர் தனியாக ஒரு கீச்சுத் தரும். பதியும்போது விசிறியை நிறுத்துவதே ஒரே வழி.

ஏர்த் பின்னை வெட்டினால் ஹம் போகும் என்று சொல்பவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். மைக்கின் இரும்பு வலை பாடுபவரின் உதட்டில் படுகிறது. ஏர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரிலேயே உள்ளிருக்கும் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியாகப் பாதி மின்னழுத்தம் கசிந்து, மைக்கைத் தொட்டால் சுணை சுணையாக இருக்கும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஏர்த் என்பது வளவுக்குள் அடித்த கம்பி. ஆனி, ஆடியில் மண் காய்ந்து பாளமாகும்போது அந்தக் கம்பியின் தடை ஏறிவிடும். மாரியில் இல்லாத உறுமல் கோடையில் வருவதற்கு இதுதான் காரணம். மல்ரிமீற்றர் லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையில் 230 காட்டினால் ஏர்த் நல்லது என்று எடுக்கக்கூடாது. மீற்றர் இழுக்கிற கரண்ட் மிகச் சிறிது, கெட்ட ஏர்த்தும் 230 காட்டும். ஏர்த் ரெஸ்டர் வைத்திருக்கும் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு அளப்பித்து, ஈரம் நிற்கிற கிணற்றடிப் பக்கமாக இன்னொரு கம்பி இறக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அதே நாளில் அழுத்திப் பார்க்கலாம். ஐப்பசி இடிகாலத்தில் வேலை முடிந்ததும் எல்லாப் பிளக்கையும் கழற்றுவது கட்டாயம்.

கணினிப் பக்கம்

சுருக்கமாக. இன்டர்பேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ ட்ரைவரை (ஒலி தாமதமில்லாமல் போய்வர உதவும் மென்பொருள்) மட்டும் போடுங்கள். விண்டோசில் யூஎஸ்பி தானாக உறங்கும் அமைப்பை நிறுத்துங்கள், பதியும்போது வைஃபையையும். 48 கிலோஹேர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு) என்றால் தாமதம் 2.7 மில்லிசெக்கன், போய்வரும் மொத்தம் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். பாடுபவருக்கு அதுவே இடைஞ்சல் என்றால் பஃபரோடு மல்லுக்கட்டாமல் இன்டர்பேஸின் நேரடி மொனிற்றர் குமிழைத் திருப்பிவிட்டு, பஃபரை 512இல் வைத்து நிம்மதியாகப் பதியலாம். 24 பிட் 48இல் ஒரு மோனோ ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். நாலு ட்ராக், நாலு மணித்தியாலம் என்றால் 8.3 கிகாபைட். அதே இரவில் வேறு ஒரு டிஸ்க்குக்கும் பிரதி எடுத்துவிட வேண்டும்.

ஃபேடர்

ஃபேடர்கள் உள்ள பெட்டியைக் கன்ட்ரோல் சர்பேஸ் என்பார்கள். அது ஒலியைத் தொடுவதில்லை. மென்பொருளுக்கு மிடி செய்தி (கருவிகளுக்கு இடையிலான கட்டளை) அனுப்பும் பெட்டி மட்டும்தான். அதனால் கடைசியாக வாங்கலாம், வாங்காமலும் விடலாம். ஆனால் கூத்துப்பாட்டைக் கலக்கும்போது அதன் அருமை தெரியும். அண்ணாவியார் தரு (கூத்தில் வரும் பாட்டு) தொடங்கும்போது குரல் ஏறும், அடுத்த அடியில் பிற்பாட்டு மேலே வரும், ஆட்டத்தருவில் மத்தளம் எல்லாவற்றையும் தள்ளும். மௌசால் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கையில் மற்றது தப்பிப்போகும். இரண்டு கைக்கும் இரண்டு ஃபேடர் வேண்டும்.

முதலில் வைத்துப் பார்த்தது கோர்க் நானோகொன்ட்ரோல்2. எட்டுச் சின்ன ஃபேடர், எட்டுக் குமிழ், யூஎஸ்பியிலேயே ஓடும், பையில் அடங்கும். விலை மோட்டர் ஃபேடர் பெட்டிகளின் சிறு பங்குதான். ப்ளே, ரெக்கோட் பட்டன்களுக்காகவே அது பெறுமதி. மைக்குக்குப் பக்கத்தில் இருந்தபடி தொடங்கலாம், நிறுத்தலாம். குறை, ஃபேடரில் மோட்டர் இல்லை. வேறு பாட்டைத் திறந்தால் திரையில் குரல் -6இல் இருக்கும், கையில் உள்ள ஃபேடர் அடியில் கிடக்கும். தொட்டதும் சத்தம் பாயும். திரை அளவை ஃபேடர் கடக்கும்வரை பேசாதிருக்கும் பிக்கப் முறையில் போட்டால் பாய்ச்சல் நிற்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஃபேடரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொன்று நுணுக்கம். சாதாரண கொன்ட்ரோல் செய்தியில் மேலிருந்து கீழே 128 படிதான், மெதுவாக மங்கவிடும்போது படி கேட்கும். மேக்கி கொன்ட்ரோல் என்ற, ஃபேடர் பெட்டிகள் பலவும் பாவிக்கும் முறை ஃபேடரைப் பிட்ச்பென்ட் செய்தியாக அனுப்புவதால் படிகள் அதைவிட மிக நெருக்கம்.

பிறகு வந்தது பெரிங்கர் எக்ஸ்-டச். எட்டுச் சனலும் ஒரு மாஸ்டரும், எல்லாம் 100 மில்லிமீற்றர் மோட்டர் ஃபேடர், விரல் பட்டதை உணரும். பிரசோனஸ் ஃபேடர்போர்ட் 8ம் எட்டு மோட்டர் ஃபேடருடன் வருகிறது. ஒரே குரலை மட்டும் ஏற்றி இறக்குபவருக்கு எட்டு வேண்டியதில்லை. ஒற்றை ஃபேடர் உள்ள ஃபேடர்போர்ட் அல்லது எக்ஸ்-டச் வன் போதும். எட்டு மோட்டர் இல்லாத ஃபேடரைவிட ஒரு மோட்டர் ஃபேடர் கைக்கு இதம் என்பது எங்கள் தீர்மானம்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைத்தது இப்படி. முதல் சனலின் செலெக்ட் பட்டனை அழுத்தியபடி எக்ஸ்-டச்சை இயக்கினால் அமைப்பு நிலை வரும். அதில் எம்சி (மேக்கி கொன்ட்ரோல்) முறையையும் யூஎஸ்பியையும் தெரிவுசெய்யுங்கள். ரீப்பரின் பிரிபரன்சசில் கன்ட்ரோல் சர்பேஸ் பகுதிக்குப் போய் மேக்கி கொன்ட்ரோல் யூனிவர்சலைச் சேர்த்து, மிடி உள்வழி, வெளிவழி இரண்டுக்கும் எக்ஸ்-டச்சைக் கொடுங்கள். சாதாரண மிடி கருவிகள் பட்டியலில் அதை இயக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரே அசைவு இரண்டு வழியாக நுழையும். திரையில் ஃபேடர் அசைகிறது, மோட்டர் அசையவில்லை என்றால் வெளிவழி கொடுபடவில்லை. கையை எடுத்ததும் ஃபேடர் பழைய இடத்துக்கு ஓடினால் அந்த ட்ராக் ரீட் நிலையில் (முன்பு எழுதியதை மட்டும் ஓட்டும் நிலை) இருக்கிறது. டச் நிலைக்கு மாற்றினால் நீங்கள் ஏற்றி இறக்கியது எழுதப்படும். மூன்று சுற்று ஓடவிடுவது எங்கள் முறை: முதல் சுற்றில் குரல் மட்டும், இரண்டாவதில் மத்தளம், மூன்றாவதில் பிற்பாட்டு.

ஒரே அறையில் பதிவும் கலவையும் நடப்பதால் ஒரு எச்சரிக்கை. மோட்டர் ஃபேடர் ஓடும் சத்தம் மைக்கில் விழும். பழைய ட்ராக்கைக் கேட்டபடி புதுக்குரல் சேர்க்கும்போது எல்லாவற்றையும் ட்ரிம்/ரீட் நிலைக்கு மாற்றினால் ஃபேடர் அசையாது.

செம்மண் புழுதி ஃபேடரின் எதிரி. வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். கரகரப்பு வந்தால் மென்மையான தூரிகையாலும் காற்றாலும் தட்டி எடுப்பது முதல் வேலை. அதற்கும் போகாவிட்டால் ஃபேடருக்கென்றே விற்கும் மசகுத் திரவம் மட்டும். மோட்டார்சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே கரித்தடத்தின் மசகைக் கழுவிவிடும். இரண்டு கிழமைக்கு வழுக்கும், பிறகு இறுகும்.

இருக்கை

மத்தளத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொரு மைக், தோலில் இருந்து 25 சென்ரிமீற்றர். இரண்டையும் ஒன்றாகக் கேட்கும்போது தொப்பியின் கும்கி மெலிந்தால் ஒன்றின் ஃபேஸ் (அலையைத் தலைகீழாக்கும்) பட்டனைத் திருப்புங்கள். இரண்டு தோலும் எதிர்த்திசையில் இருப்பதால் இது அடிக்கடி தேவைப்படும். தாளம் எல்லா மைக்கிலும் பாயும். தாளக்காரரைக் குரல் மைக்கின் நேர் முதுகுப்பக்கம் இரண்டு மீற்றர் தள்ளி இருத்தினால் கார்டியொய்ட் மைக் அவரைப் பெரிதும் ஒதுக்கிவிடும். சுவருக்குத் தும்பு மெத்தை. கூரை தகரம் என்றால் மழைக்கு முன்னம் முடியுங்கள். விடியப்புறம் மயில் கத்தி முடிந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் தொடங்குவது நல்லது.

திரும்பச் செய்வதென்றால் காசு போகும் ஒழுங்கு மாறும்: ஏர்த்தும் இன்வேட்டரும் முதலில், பிறகு மைக்கும் வயரும், பிறகு ஏடாட் உள்ள நாலு ப்ரீஅம்ப் இன்டர்பேஸ், கடைசியில் ஃபேடர். ரீப்பரின் சலுகை உரிமம் 60 அமெரிக்க டொலர், பரீட்சித்துப் பார்க்க 60 நாள் தருகிறார்கள். அந்த நாட்களுக்குள் நானோகொன்ட்ரோல்2 வைத்து ஒரு பாட்டைக் கலந்து பாருங்கள். கை மோட்டர் ஃபேடரைக் கேட்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மைக் வயர் ஐந்து மீற்றர் இந்த அறைக்குள் சரி, முற்றத்தில் ஆட்டத்தோடு பதிய வெளிக்கிட்டால் பதினைந்து வேண்டும்.